ஸ்டிக்கர் கட்டிங் கடை வைக்கப் போறீங்களா? முதலில் எந்த மெஷின் வாங்கணும், எதை இப்போதைக்கு வாங்க வேண்டாம்? முழு விவரம்

பைக் டேங்க்கில் குழந்தையின் பெயர், ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒரு வரி, கிளினிக் கதவில் டாக்டர் வரும் நேரம், டீக்கடைக் கண்ணாடியில் விலைப்பட்டியல், பள்ளி வேனின் பக்கவாட்டில் பள்ளியின் பெயர். தினமும் கண்ணில் படும் இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை வினைல் ஸ்டிக்கர்தான். பத்துக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கட்டிங் மெஷின் இருந்தால் இந்தத் தொழிலைத் தொடங்கிவிடலாம். அதனால்தான் சொந்தமாக ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள் பலரின் பட்டியலில் இது இருக்கிறது.

ஆனால் பலர் சறுக்குவது முதல் கொள்முதலில்தான். வீட்டு நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ பெரிய மெஷினை இறக்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் மெஷின் இருக்கும், வேலை இருக்காது, தவணை மட்டும் வரும். இன்னொரு பக்கம், விலை குறைவு என்று சின்ன மெஷினை வாங்கிவிட்டு, முதல் கடை போர்டு ஆர்டரிலேயே "இதில் வெட்ட முடியாது" என்று திரும்புபவர்களும் உண்டு. இரண்டிலும் சிக்காமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

கட்டிங் வேறு, பிரிண்டிங் வேறு

இந்தக் குழப்பத்தைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிங் பிளாட்டர் எதையும் அச்சிடாது. ஏற்கனவே சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று நிறத்தோடு வரும் வினைல் ரோலில், எழுத்தின் ஓரத்தைச் சின்ன பிளேடால் கீறும். மேலே உள்ள ஸ்டிக்கர் மட்டும் வெட்டுப்படும். அடியில் இருக்கும் பேப்பர் அப்படியே இருக்கும். வேண்டாத பகுதியைக் கையால் உரித்து எடுத்தால் எழுத்து மட்டும் மிஞ்சும். அதன்மேல் டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டி, எழுத்துகளை மொத்தமாகத் தூக்கி, தேவையான இடத்தில் பதிப்பார்கள்.

போட்டோ, பல நிறங்கள் கலந்த டிசைன், தலைவர் படம், சாமி படம் என்றால் அது பிரிண்டிங் வேலை. அதற்கு ஈக்கோ சால்வென்ட் போன்ற பிரிண்டர் வேண்டும். இரண்டுக்கும் முதலீடு, பராமரிப்பு எல்லாமே வேறு வேறு. "ஸ்டிக்கர் கடை" என்று பொதுவாகச் சொன்னாலும், தொடங்குபவர் இதில் எதைத் தொடங்குகிறார் என்பதில் தெளிவு வேண்டும்.

என்ன அளவு மெஷின் வாங்குவது?

சந்தையில் மூன்று அளவுகளில் மெஷின்கள் கிடைக்கின்றன.

12 இஞ்ச் சின்ன மெஷின்: சில்ஹவுட் கேமியோ, கிரிகட் போன்றவை இந்த வகை. வீட்டில் வைத்துப் பரிசுப் பொருள், பாட்டில் ஸ்டிக்கர், லேபிள் செய்ய நல்லது. ஆனால் நாள் முழுக்க ஓடும் கடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிரிகட் அதன் சொந்த சாஃப்ட்வேரை நம்பியே ஓடுவதால், கடைக்காரர்கள் பழகிய கோரல்டிராவிலிருந்து நேரடியாக வெட்ட முடியாது.

24 இஞ்ச் மெஷின்: புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் இதுதான் சரி. காரணம் எளிது. வினைல் ரோல் 2 அடி, 4 அடி அகலங்களில்தான் அதிகம் விற்கிறது. 2 அடி ரோல் இதில் நேராக ஏறும். கடை போர்டு, வாகன எழுத்து, கண்ணாடி ஸ்டிக்கர் என வழக்கமான வேலைகளில் பெரும்பகுதி இந்த அகலத்துக்குள் முடிந்துவிடும். 8 அடி நீளம், 2 அடி உயரப் போர்டு என்றாலும் எழுத்துகளை நீளவாக்கில் ஒரே ஓட்டத்தில் வெட்டலாம். அதைவிடப் பெரிய எழுத்து வந்தால் இரண்டு துண்டாக வெட்டி இணைக்கலாம்.

48 இஞ்ச் மெஷின்: பஸ், கன்டெய்னர், பெரிய ஷோரூம் கண்ணாடி வேலை தொடர்ந்து கையில் இருப்பவர்களுக்கு. முதல் மெஷினாக இது தேவைப்படுவது அரிது.

மாடல் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சீனத் தயாரிப்புகள் பலவற்றில் '720' என்று இருந்தால் அது உள்ளே செல்லும் பேப்பரின் அகலம், அதாவது 720 மில்லிமீட்டர். உண்மையில் வெட்டும் அகலம் அதைவிடக் குறைவாக, 630 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வாங்கும்போது "வெட்டும் அகலம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

ஸ்டெப்பரா, செர்வோவா?

விலை வித்தியாசம் பெரும்பாலும் மோட்டாரில் இருக்கிறது. குறைந்த விலை மெஷின்களில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். சத்தம் அதிகம். சின்ன எழுத்தின் வளைவுகளில் படிப்படியாக முனை தெரியும். ஸ்டிக்கர் எங்காவது சிக்கி இழுத்தால் மெஷினுக்கு அது தெரியாது. தப்பான இடத்திலிருந்தே தொடர்ந்து வெட்டிக்கொண்டு போகும்.

செர்வோ மோட்டார் தன் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். சத்தம் குறைவு, வளைவு சுத்தம், வேகம் அதிகம். ரோலண்ட், கிராப்டெக் போன்ற ஜப்பான் நிறுவனங்களின் மெஷின்கள் இந்த வகை. சீனத் தயாரிப்புகளிலும் இப்போது செர்வோ மாடல்கள் வருகின்றன.

ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட எழுத்துகள்தான் வேலை என்றால் நல்ல ஸ்டெப்பர் மெஷினே போதும். சின்ன எழுத்து, லோகோ, நாள் முழுக்க ஓட்டம் என்றால் செர்வோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

அடுத்தது அழுத்தம். பிளேடு எவ்வளவு விசையோடு அழுத்தும் என்பதை கிராம் கணக்கில் சொல்வார்கள். ரோலண்ட் ஜிஎஸ்-24 மெஷினில் இது 350 கிராம் வரை, கிராப்டெக் சிஇ7000-60 மெஷினில் 450 கிராம் வரை. சாதாரண வினைலுக்கு இவ்வளவு தேவையே இல்லை. தடிமனான ரிஃப்ளெக்டிவ் ஷீட் வெட்டும்போதுதான் இந்த எண்ணுக்கு மதிப்பு.

இந்த வசதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்

காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று வாங்க வேண்டிய வசதி ஒன்று உண்டு. அது கான்டூர் கட்டிங். வெளியே பிரிண்ட் செய்த ஸ்டிக்கரை மெஷினில் ஏற்றினால், அதன் மூலைகளில் இருக்கும் அடையாளக் குறிகளை மெஷினின் சென்சாரோ கேமராவோ படிக்கும். பிறகு படத்தின் ஓரத்தை ஒட்டிச் சரியாக வெட்டிக் கொடுக்கும்.

இது இருந்தால், சொந்தமாகப் பிரிண்டர் இல்லாமலேயே பல நிற ஸ்டிக்கர், தயாரிப்பு லேபிள், லோகோ ஆர்டர் எல்லாம் எடுக்கலாம். பிரிண்ட் மட்டும் வெளியே, கட்டிங் நம் கடையில். சிறிய கடைக்கு அடுத்த படிக்கட்டு இதுதான். இல்லாத மெஷினை வாங்கிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியாது.

கடையிலேயே இந்த 4 டெஸ்ட் செய்து பாருங்கள்

விற்பவர் தன் டிசைனை வெட்டிக் காட்டினால் எல்லா மெஷினும் நன்றாகத்தான் வெட்டும். உங்கள் டிசைனை பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.

1. வட்டமும் சதுரமும்: தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிகிறதா? இடைவெளி விட்டால் அந்த இடத்தில் உரிக்கும்போது ஸ்டிக்கர் கிழியும்.

2. சின்னத் தமிழ் எழுத்து: 'ஸ்ரீ', 'ண', 'ஞ', 'ஜி' போன்ற வளைவுள்ள எழுத்துகளை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்லுங்கள். மெஷினின் தரம் இதில் உடனே தெரிந்துவிடும்.

3. நீள ஓட்டம்: 3 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம் வெட்டச் சொல்லுங்கள். ரோல் ஒரு பக்கமாக நகர்ந்தால் கட்டம் கோணலாகும். கடை போர்டு வேலைக்கு அந்த மெஷின் உதவாது.

4. அளவு: 50 சென்டிமீட்டர் கோடு போட்டால் ஸ்கேலில் வைத்துப் பார்க்கும்போதும் 50 இருக்கிறதா?

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால், பிளேடு ஓடும் பாதையில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால் மெஷின் தப்பான ஆழத்தில் நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பட்டையும், ரோலை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளைகளும் மாற்றக்கூடியவைதான். ஆனால் அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்குமா, பக்கத்து ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். தீபாவளி, தேர்தல் நேரத்தில் மெஷின் பத்து நாள் படுத்துவிட்டால், குறைந்த விலையில் மிச்சமான பணம் அங்கேயே போய்விடும்.

பிரிண்டர் இப்போதே தேவையா?

பெரும்பாலானவர்களுக்கு பதில்: இல்லை. ஒரு உதாரணக் கணக்குப் பார்க்கலாம்.

மெட்டீரியல் செலவு போக ஒரு நாளைக்கு 800 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 20,000 ரூபாய். கடை வாடகை 6,000, கரண்ட், இன்டர்நெட், போக்குவரத்து 2,000 கழித்தால் 12,000. வீட்டுச் செலவுக்கு 8,000 எடுத்தால் மெஷினுக்காக ஒதுக்க மிஞ்சுவது 4,000 ரூபாய்தான்.

மெஷின் விலை 60,000 என்றால் 15 மாதத்தில் அசல் கைக்கு வரும். அதே வருமானத்தை நம்பி 4 லட்சத்துக்கு பிரிண்டர் வாங்கினால் 100 மாதம், அதாவது 8 ஆண்டுகளும் 4 மாதங்களும் ஆகும். வட்டி தனி. பிரிண்டர் வந்தால் வேலையும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை இப்போதே கையில் இருக்கிறதா, வரும் என்ற நம்பிக்கை மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல், பிரிண்டரைச் சும்மா விட முடியாது. தினமும் ஓட்டவில்லை என்றால் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். தூசி, மின்வெட்டு, சூடு எல்லாமே அதற்கு எதிரி. ஹெட் போனால் அந்த ஒரு பாகத்தின் செலவே பெரிய அடி. கட்டிங் மெஷினை ஒரு வாரம் துணி போட்டு மூடி வைத்தாலும் அது கோபித்துக்கொள்ளாது.

அதனால் முதல் ஓராண்டு பிரிண்ட் வேலையை வெளியே கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் வெளியே எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தொகை பிரிண்டரின் மாதத் தவணை, மை, பராமரிப்பு மூன்றையும் சேர்த்த தொகையைத் தொடர்ந்து தாண்டினால், அப்போது பிரிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.

பிளேடு: சின்ன சாமான், பெரிய வித்தியாசம்

மெஷினைக் குறை சொல்லும் பல புகார்களுக்குக் காரணம் பிளேடுதான். சாதாரண வினைலுக்கு 45 டிகிரி பிளேடு. ரிஃப்ளெக்டிவ் போன்ற தடிமனான ஷீட்டுக்கும் மிகச் சின்ன எழுத்துக்கும் 60 டிகிரி. 

பிளேடின் முனை, ஹோல்டரிலிருந்து மிகக் குறைவாகவே வெளியே தெரிய வேண்டும். மேலே உள்ள ஸ்டிக்கர் முழுதாக வெட்டுப்பட்டு, அடிப் பேப்பரில் லேசான கோடு மட்டும் விழுந்தால் அதுதான் சரியான ஆழம். பேப்பரே வெட்டுப்பட்டால் முனை அதிகம் நீட்டியிருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம். இப்படி ஓட்டினால் பிளேடும் சீக்கிரம் மழுங்கும், அடிப் பட்டையும் கெடும். ரோல் மாற்றும்போதெல்லாம் ஒரு ஓரத்தில் டெஸ்ட் கட் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தமிழ் எழுத்து வெட்டும்போது வரும் தனிப் பிரச்சினைகள்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே இருக்கும். தமிழில் வேறு தொல்லைகள் உண்டு.

முதலாவது புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக நிற்கும். சின்ன எழுத்தில் வேண்டாத பகுதியை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். "கண்ணன் ஸ்டோர்ஸ்" என்று ஒட்டினால் புள்ளிகள் விழுந்து வேறு மாதிரி வாசிக்க நேரும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குவதும், தடிமனான எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதும்தான் தீர்வு.

இரண்டாவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் வடிவங்கள். 'கி', 'கீ' போன்றவற்றில் கொக்கி எழுத்தோடு சேரும் இடத்தில் சில எழுத்துருக்களில் இரண்டு வடிவங்கள் மேற்படியும். திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும். மெஷினோ இரண்டையும் தனித்தனியே வெட்டி, எழுத்தின் நடுவே ஒரு கோடு போட்டுவிடும். வெட்டும் முன் எழுத்தை கர்வ் ஆக்கி, 'வெல்ட்' கொடுத்து ஒரே வடிவமாக இணைக்க வேண்டும்.

மூன்றாவது, யூனிகோடு. வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது யூனிகோடு. கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்கள் புழங்குகின்றன. பழைய கோரல்டிரா பதிப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் யூனிகோடு ஒழுங்காக வரும் சாஃப்ட்வேருக்கு மாறலாம். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழ் யூனிகோடும் அதில் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காட்டமரான் போன்ற எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம்.

எதுவாக இருந்தாலும், வெட்டும் முன் வாடிக்கையாளரிடம் டிசைனைக் காட்டி "எழுத்துப் பிழை இல்லை" என்று வாட்ஸ்ஆப்பில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு ஒற்று தப்பினால் ரோலும் போச்சு, நாளும் போச்சு.

எந்த வேலைக்கு எந்த வினைல்?

எல்லா ரோலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆயுள்தான் வேறு.

மோனோமெரிக்: விலை குறைவு. சமதளமான போர்டு, குறுகிய கால விளம்பரத்துக்கு ஏற்றது. நாளாக நாளாகச் சுருங்கும்; ஓரத்தில் பசை தெரிந்து தூசி பிடிக்கும். வெளியே வைத்தால் ஒன்று முதல் மூன்று ஆண்டு.

பாலிமெரிக்: சுருக்கம் குறைவு. கடை போர்டு, வாகனத்தின் சமமான பக்கங்களுக்கு நல்லது. ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை சொல்வார்கள்.

காஸ்ட்: சுமார் 50 மைக்ரான் தடிமன்தான். மெல்லியது, வளைந்து கொடுக்கும், விலை அதிகம். வாகனத்தின் மேடு பள்ளங்களுக்கு இதுதான் நிற்கும்.

ரிஃப்ளெக்டிவ்: நம் ஊரில் 'ரேடியம்' என்று சொல்வது இதைத்தான். இதில் ரேடியம் எதுவும் கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் இரவில் பளிச்சிடுகிறது.

இந்த ஆண்டுக் கணக்கு எல்லாம் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது. தமிழ்நாட்டு வெயிலில், அதுவும் மேற்குப் பார்த்த போர்டில், அதைவிடச் சீக்கிரம் வெளுக்கும். வாடிக்கையாளரிடம் "ஏழு வருஷம் வரும்" என்று வாய்வார்த்தை கொடுக்காமல் இருப்பதே நல்லது. மலிவான வினைலை ஒட்டிவிட்டு நல்ல வினைலுக்கான விலை வாங்கினால், அடுத்த கோடையில் அந்த போர்டே உங்களுக்கு எதிரான விளம்பரமாகிவிடும்.

தொடக்கத்தில் பத்து நிறங்களில் முழு ரோல் வாங்கி அடுக்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நான்கும் அதிகம் ஓடும். மற்ற நிறங்களை ஆர்டர் வரும்போது மீட்டர் கணக்கில் வாங்கலாம். ரோலைப் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நசுங்கிய தடம் விழும். நிறுத்தி வைக்க வேண்டும். தகரக் கூரைச் சூட்டில் பசை கெடும்.

கூடவே வாங்க வேண்டிய சின்ன சாமான்கள்

- டிரான்ஸ்ஃபர் டேப்
- ஸ்க்வீஜி, அதில் ஒட்டத் துணிப்பட்டை
- உரிப்பதற்கான கூர்முனைக் கொக்கி, ட்வீசர்
- ஸ்டீல் ஸ்கேல், கட்டர் கத்தி, கட்டிங் மேட்
- ஹீட் கன்
- தண்ணீர் ஸ்பிரே பாட்டில்
- ரசமட்டம், டேப், மாஸ்கிங் டேப்
- யுபிஎஸ், சரியான எர்த் இணைப்பு

கடைசியில் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகும். எர்த் சரியில்லை என்றால் மெஷின் பாதியில் நின்றுபோவது, கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுவது போன்ற காரணம் தெரியாத கோளாறுகள் வரும். மெஷினுக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்த்துவிடுங்கள்.

ஒட்டும் வேலையில் கவனம்

நல்ல மெஷினில் வெட்டியதும் தப்பாக ஒட்டினால் வீண். உச்சி வெயிலில் சூடேறிய தகரத்தில் ஒட்டினால் பசை உடனே பிடித்துக்கொள்ளும். நகர்த்த முடியாது, குமிழ் வரும். காலையிலோ மாலையிலோ ஒட்டுவது நல்லது. கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த போர்டு, வாகனத்தில் உடனே ஒட்டக் கூடாது. பெயின்ட் முழுதாகக் காய்வதற்குள் ஒட்டினால் உள்ளிருந்து வரும் ஆவி குமிழாகத் தள்ளும். பைக்கின் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் சாதாரண வினைல் நிற்காது. சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தின்னர் பெயின்ட்டைக் கரைத்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

எதை வெட்டிக் கொடுத்தால் சிக்கல்?

ஒரு காலத்தில் ஸ்டிக்கர் கடைக்குத் தினப்படி வருமானமே நம்பர் பிளேட்தான். இன்று அதை நம்பி மெஷின் வாங்கக் கூடாது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்ற முடியாத பூட்டு ஆகியவற்றோடு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அதைத் தயாரிக்க முடியும். ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டும் பலகை அதற்கு மாற்று அல்ல.

வாகனங்களில் 'போலீஸ்', 'பிரஸ்', அரசுத் துறைப் பெயர் போன்ற ஸ்டிக்கர்களை உரிமையில்லாமல் ஒட்டுவோர் மீது சென்னை போக்குவரத்து காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கையைத் தொடங்கியது. இத்தகைய ஆர்டர் வந்தால் அடையாள அட்டையைப் பார்க்காமல் வெட்டிக் கொடுப்பது கடைக்கும் தலைவலி. கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக 2012-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். லாரி, பஸ்களின் ஒளிரும் பட்டையும் அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாக இருக்க வேண்டும். சாதாரண ரேடியம் ஷீட்டை வெட்டி ஒட்டினால் எஃப்.சி.யில் ஏற்க மாட்டார்கள்.

பிரபல பைக், கார் நிறுவனங்களின் லோகோவை வெட்டி விற்பது வணிகச் சின்னச் சட்டத்தில் சிக்க வைக்கும்.

கடை போர்டு செய்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களின் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்பது விகிதம். டிசைன் போடும்போதே இதைச் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர் பிறகு போர்டை மாற்ற வேண்டியிருக்காது. உங்கள் மேல் நம்பிக்கையும் கூடும்.

அடுத்தது என்ன வாங்கலாம்?

கட்டிங் வேலை ஓடத் தொடங்கிய பிறகு, குறைந்த செலவில் வருமானம் கூட்டுவது ஹீட் பிரஸ். டி-ஷர்ட்டுக்கான தனி வினைலை அதே கட்டிங் மெஷினில், கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்டி, ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால் போதும். கபடிக் குழு, கல்லூரி விழா, கோயில் திருவிழா டி-ஷர்ட் ஆர்டர்கள் இதில் வரும்.

அக்ரிலிக் எழுத்துக்காக லேசர் மெஷின் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிவிசி வினைலை லேசரில் வெட்டவே கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். அது நுரையீரலையும் பாதிக்கும், மெஷினின் இரும்பையும் அரிக்கும். போர்டுக்குப் பயன்படும் பிவிசி ஃபோம் ஷீட்டுக்கும் இதே விதிதான்.

கடன், மானியம்: வரிசை முக்கியம்

உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண் வைத்து ஆன்லைனில் செய்யலாம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு', அதற்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவில் கடன் கேட்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டமும் இருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

பலர் செய்யும் தவறு, மெஷினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்பது. மானியத் திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானவை. மெஷினுக்கான விலைப்புள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். கடன் ஒப்புதலான பிறகே கொள்முதல்.

சுருக்கமாகச் சொன்னால்

முதலில்: கான்டூர் வசதியுள்ள 24 இஞ்ச் கட்டிங் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நான்கு நிற வினைல், நல்ல பிளேடுகள், ஒட்டும் சாமான்கள்.

ஆறு மாதம் கழித்து: வேலையைப் பொறுத்து ஹீட் பிரஸ்.

ஓராண்டுக் கணக்கு கையில் வந்த பிறகு: பிரிண்டர் வேண்டுமா என்ற முடிவு.

எந்த மெஷினுக்கும் பணம் கட்டும் முன், பக்கத்து ஊர் ஸ்டிக்கர் கடை ஒன்றில் பத்து நாள் கூடவே இருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஆர்டர் எத்தனை வருகிறது, எதில் ரோல் வீணாகிறது, எந்த மெஷினுக்கு சர்வீஸ் ஆள் உடனே வருகிறார் என்பதெல்லாம் அந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும். கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மலிவு.